ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுப் பாடம் நடத்துங்கள்: இயந்திரவியல் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களும் பொறியியல் கல்லூரி மாணவர்களும் இயந்திரவியலில் எதை, எந்த வரிசையில், எப்படிக் கற்க வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. கோயம்புத்தூரில் வார்ப்பட்டறை ஒன்றில் 31 ஆண்டுகளாக வேலை பார்த்து வரும் ஒருவன் உங்களுக்கு எழுதும் மடல் இது. முதலில் உலையடியிலும், பிறகு தரச் சோதனையிலும் இருந்துவிட்டு, இப்போது பட்டறையின் பொறுப்பில் இருக்கிறேன். ஆண்டுதோறும் டிப்ளமோ முடித்தவர்களும் பட்டம் பெற்றவர்களுமாகப் பல இளைஞர்களை நேர்காணலில் சந்திக்கிறேன். சிலரை வேலைக்கு எடுத்துக்கொண்டு, அவர்கள் தொழில் பழகுவதை நாள்தோறும் அருகிலிருந்து பார்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். உலோகங்களின் குணங்களை ஒரு தாளாகவும், அவற்றைப் பொருளாக்கும் செய்முறைகளை வேறொரு தாளாகவும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே வரையறைகளை மனப்பாடம் செய்ய வைக்கும் முறையைக் கைவிட்டு, இரண்டையும் ஒரே பாடமாக, மாணவர் தம் கையால் உலோகத்தை உருக்கி, ஊற்றி, உடைத்து, அராவிப் பார்க்கும் பாடமாக மாற்றி அமையுங்கள்.

இந்த வேண்டுகோள் எனக்குள் உருவானது ஒரு தவறிலிருந்துதான். சில ஆண்டுகளுக்கு முன், பம்பைத் தாங்கும் ஒரு பிராக்கெட்டை எங்கள் பட்டறையில் எஸ்.ஜி. இரும்பில், அதாவது கரி உருண்டைகளாகத் திரண்டிருக்கும் வார்ப்பிரும்பில், வார்த்துக்கொண்டிருந்தோம். எஸ்.ஜி. 500/7 என்ற தரம். அதாவது இழுவை வலிமை குறைந்தது 500 மெகாபாஸ்கல், உடையும் முன் 7 சதவீதமாவது நீள வேண்டும். சாதாரண வார்ப்பிரும்பில் கரி இழை இழையாகப் படிந்திருக்கும். ஒவ்வோர் இழையின் முனையும் விரிசல் கிளம்புவதற்கான இடம். உருகிய இரும்பில் மெக்னீசியத்தைச் சேர்த்தால் அந்தக் கரி உருண்டை உருண்டையாகத் திரளும். இரும்பு உடையாமல் வளைந்து கொடுக்கும். 1940களில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட இந்த முறைதான் இன்று உலகெங்கும் எஸ்.ஜி. இரும்பு தயாரிக்கப் பயன்படுகிறது. உருகிய இரும்பை ஏந்தும் வாளியான லேடிலின் அடியில், மெக்னீசியம் கலந்த ஃபெரோசிலிகான் என்ற இரும்பு–சிலிக்கான் கலவையை வைத்து, மேலே எஃகுத் துண்டுகளால் மூடி, அதன்மேல் உலையிலிருந்து இரும்பை ஊற்றுவோம். கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளியோடு லேடில் கொந்தளித்து அடங்கும். அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்; 10 நிமிடத்துக்குள் கடைசி அச்சுப்பெட்டி வரை ஊற்றி முடிக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறையின் விதி.

அன்று இடையில் கிரேன் நின்றுவிட்டது. ஊற்றும் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர், டிப்ளமோவில் முதல் வகுப்பில் தேறி வந்த, மிகவும் பொறுப்பான ஒரு தம்பி. கிரேன் சரியாகும்வரை லேடிலை மூடி வைத்துக் காத்திருந்து, இரும்பு இன்னும் நன்றாக ஓடும் சூட்டில் இருப்பதைப் பார்த்து, மீதிப் பெட்டிகளையும் ஊற்றி முடித்துவிட்டார். தொடக்கத்தில் எடுத்த மாதிரியை, உலோகத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தபோது மெக்னீசியம் 0.042 சதவீதம் இருந்தது. பதிவேட்டில் அதையே எழுதினோம். வார்ப்புகள் கண்ணுக்குக் குறையில்லாமல் இருந்தன, அனுப்பிவிட்டோம். வாங்கிய இடத்தில் போல்ட்டை முடுக்கும்போதே ஒரு பிராக்கெட் இரண்டாக உடைந்து கீழே விழுந்தது.

அந்த லேடிலில் ஊற்றிய 26 வார்ப்புகளையும் திரும்ப வரவழைத்தோம். எங்கள் பட்டறையில் பல்லாண்டுகளாக மோல்டராக, அதாவது மணல் அச்சு செய்பவராக, இருக்கும் பெரியவர் ஒருவர், ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினார். 19 வார்ப்புகள் கோயில் மணி போல இழுத்து ஒலித்தன. 7 மட்டும் ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல ‘டொக்’ என்று அடங்கின. அந்த 7 வார்ப்புகளையும் உடைத்து மெருகிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உருண்டைக் கரி இருக்க வேண்டிய இடங்களில் இழைகள் தலைகாட்டியிருந்தன. அவை கடைசியாக ஊற்றப்பட்ட 7 வார்ப்புகள்.

அந்தத் தம்பியை அழைத்து, “மெக்னீசியம் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. 1,090 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதித்து ஆவியாகிவிடும் ஒரு பொருளை, 1,400 டிகிரிக்கு மேல் இருக்கும் இரும்பில் கரைத்து வைத்திருக்கிறோம். ஆகவே அது ஒவ்வொரு நொடியும் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். லேடிலை மூடி வைப்பதால் சூடு நிற்குமே தவிர மெக்னீசியம் நிற்காது என்று விளக்கியதும் அவர் முகம் வாடிப்போனது. “மெக்னீசியம் கரி இழைகளை உருண்டையாக்கும்னு பரிட்சையில எழுதியிருக்கேனுங்க சார். அது போயிரும்னு யாரும் சொல்லலீங்க” என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. எஸ்.ஜி. இரும்பு என்ற பொருளை ஒரு புத்தகத்திலும், வார்ப்பு என்ற செய்முறையை வேறொரு புத்தகத்திலும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த 10 நிமிடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிழையில் எங்களுக்கும் பங்குண்டு. லேடிலின் முதல் இரும்பைச் சோதித்தோமே தவிரக் கடைசி இரும்பைச் சோதிக்கவில்லை. அன்றிலிருந்து கடைசிப் பெட்டியோடு சேர்த்து ஒரு சோதனைத் துண்டையும் வார்த்து உடைத்துப் பார்த்த பிறகே சரக்கை வெளியே விடுகிறோம்.

இதையெல்லாம் கல்லூரியில் எப்படிக் காட்டுவது என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். மிக எளிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் இதைச் ‘சில் டெஸ்ட்’ என்போம். உலையிலிருந்து ஒரு கரண்டி வார்ப்பிரும்பை எடுத்து ஆப்பு வடிவ மணல் அச்சில் ஊற்றுவோம். உறைந்ததும் தண்ணீரில் போட்டு ஆற்றிச் சம்மட்டியால் ஓர் அடி. உடைந்த முகத்தைப் பார்த்தால், ஆப்பின் மெல்லிய முனை வெள்ளி போல வெளுத்து மின்னும். தடித்த பக்கம் சாம்பல் நிறத்தில் இருக்கும். வெளுத்த பகுதியில் அரம் பிடிக்காது, கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கும். சாம்பல் பகுதியில் அரம் சுகமாக இறங்கும், விரலால் தடவினால் பென்சில் கரி போல ஒட்டிக்கொள்ளும். ஒரே கரண்டி இரும்பு, ஒரே வேதிச் சேர்மானம், கையளவு துண்டு. ஆனால் அதற்குள் இரண்டு உலோகங்கள். மெல்லிய முனை சீக்கிரம் ஆறியதால் அங்கே கரி பிரிந்து வர நேரமில்லாமல் இரும்போடு சேர்ந்து கடினமான கார்பைடாக நின்றுவிட்டது. தடித்த பக்கம் மெல்ல ஆறியதால் கரி தனியாகப் பிரிந்து இழைகளாகப் படிந்தது. இந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு வெள்ளை வார்ப்பிரும்பு, சாம்பல் வார்ப்பிரும்பு என்று இரண்டு வரையறைகளை மனப்பாடம் செய்யும் வேலை இருக்காது. எந்தச் சூட்டில், எவ்வளவு கரியோடு இரும்பு எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் இரும்பு–கரி வரைபடத்தையும் அவர் தேர்வுக்காக வரைந்து மறந்துவிடும் படமாகப் பார்க்க மாட்டார்.

அட்டவணைகளையும் அவர் வேறு கண்ணோடு படிப்பார். சாம்பல் வார்ப்பிரும்புக்கான இந்தியத் தரநிலை 210இல் எஃப்.ஜி. 260 என்று ஒரு தரம் உண்டு. 260 மெகாபாஸ்கல் வலிமை என்று பொருள். நேர்காணலில் பலரும் இதைச் சரியாகச் சொல்கிறார்கள். அந்த 260 என்பது தனியாக வார்க்கப்படும் 30 மில்லிமீட்டர் சோதனைத் தண்டில் அளந்த எண் என்பதையும், அதே இரும்பை ஊற்றிச் செய்யும் தடித்த ஓர் அடித்தட்டில் அது குறையும் என்பதையும் சொல்பவர் அரிது. வலிமை என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்பும் ஒருவர் வடிவமைப்பாளரானால், சுவர் பலமில்லை என்று தோன்றும் இடத்திலெல்லாம் தடிப்பைக் கூட்டுவார். தடிப்பைக் கூட்டக் கூட்ட அந்த இடம் மெல்ல ஆறி, உள்ளே சுருங்கல் குழி விழுந்து, பலம் இன்னும் குறையும். இப்படிப்பட்ட வரைபடங்கள் எங்களுக்கு வாரம் ஒன்றாவது வருகின்றன.

நான் கேட்கும் ஒருங்கிணைந்த பாடத்துக்கு எங்கிருந்து தொடங்கலாம் என்றால், கோயம்புத்தூர்க்காரன் என்பதால் எனக்குத் தோன்றும் விடை இதுதான்: பம்பும் மோட்டாரும் ஒன்றாக இணைந்த ஒரு மோனோபிளாக் பம்ப் செட். விவசாயிகள் ‘மோட்டார்’ என்று சொல்லும் அதே பொருள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பழுதான ஒரு மோட்டாரை வாங்கி, வகுப்பு மேசையில் ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் போடுங்கள். அரை ஆண்டுப் பாடம் முழுவதும் அந்த மேசையில் கிடக்கும்.

பம்பின் கூடு மணல் அச்சில் வார்த்த சாம்பல் வார்ப்பிரும்பு. ஏன் எஃகு இல்லை? வார்ப்பிரும்பு நீர் போல ஓடி நத்தை வடிவ வளைவுகளை நிரப்பும், உறையும்போது பிரியும் கரி சற்றே விரிந்து சுருக்கத்தை ஈடுகட்டும், அதிர்வைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும், விலையும் குறைவு. அந்தக் கூட்டுக்கு மணலில் அச்செடுக்க உதவும் மாதிரியான தேக்கு மர பேட்டர்னைச் செய்யும் தச்சர் சாதாரண அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை. மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் கூடுதலாகக் கோடிட்ட சுருக்க அளவுகோலைத்தான் பயன்படுத்துவார். அதே பேட்டர்னில் எஃகை வார்க்கச் சொன்னால் பொருள் சிறுத்துவிடும், எஃகுக்கு அந்தக் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. பொருளின் குணம் தச்சரின் அளவுகோல் வரை வந்து நிற்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியும்?

கூட்டின் மேல்தோலை லேத்தில் கடைவதிலும் ஒரு பாடம் உண்டு. புதிதாக வந்த ஒருவர், கவனமாக வேலை செய்ய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, முதல் வெட்டை மிக மெல்லியதாக எடுப்பார். ஐந்து நிமிடத்தில் டூல் மழுங்கிவிடும். மணல் ஒட்டிய, சீக்கிரம் ஆறிக் கடினப்பட்ட தோலிலேயே டூலின் முனை உரசிக்கொண்டிருப்பதுதான் காரணம். முதல் வெட்டு தோலுக்கு அடியில் இறங்க வேண்டும். வார்ப்பில் நடந்தது என்னவென்று அறிந்தவருக்குக் கடைசலில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது ஷாஃப்ட். பல பம்புகளில் இ.என். 8 எஃகு, கரி 0.4 சதவீத அளவில் இருக்கும். குளிர்நிலையில் இழுத்து மெருகேற்றிய தண்டில் ஒரு பக்கம் மட்டும் சாவிப்பள்ளம் (சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சாவி உட்காரும் நீளப் பள்ளம்) வெட்டினால் தண்டு வளைந்துகொள்கிறது. மெஷின் சரியில்லை என்று ஆபரேட்டரைத் திட்டுவார்கள். இழுத்தபோது தண்டுக்குள் அடைந்த இழுவிசையை ஒரு பக்கம் மட்டும் வெட்டி விடுவித்ததால் வந்த வளைவு அது. மோட்டாரின் உள்ளே, அரை மில்லிமீட்டர் சிலிக்கான் எஃகுத் தகடுகளைப் பிரஸ்ஸில் வெட்டி அடுக்கியிருப்பார்கள். தகட்டை வெட்டும் பஞ்ச் மழுங்கினால் தகட்டின் ஓரத்தில் பிசிறு எழும்பி, ஒரு தகடு இன்னொன்றைத் தொட்டு, மின்னிழப்பு கூடி மோட்டார் சூடேறும். ரோட்டரின் அலுமினியக் கம்பிகளை அழுத்த வார்ப்பில் நிரப்புகிறார்கள். அதில் காற்றுக்குமிழ் நின்றாலும் அதே சூடுதான். சுற்றியிருக்கும் செம்புக் கம்பி இழுக்க இழுக்க விறைத்துப்போகும் என்பதால் பதப்படுத்தி இளக்கியிருப்பார்கள். வார்ப்பு, கடைசல், தகடு வெட்டல், அழுத்த வார்ப்பு, கம்பி இழுத்தல், வெப்பப் பதம் என்று நீங்கள் தனித்தனி அலகுகளாகப் பிரித்து வைத்திருக்கும் அத்தனையும் ஒரே மேசையில், ஒன்றின் பிழை இன்னொன்றில் போய் வெளிப்படும்படி பிணைந்து கிடக்கின்றன.

கோயம்புத்தூர்க்காரர் பம்பைத்தானே சொல்வார் என்று நீங்கள் எண்ணக்கூடும். திருச்சியில் இருந்திருந்தால் கொதிகலன் குழாயைச் சொல்லியிருப்பேன். அங்கே பாரத மிகு மின் நிறுவனத்தின் ஆலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில், வெல்டிங் ராடை அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் உலர்த்தி, சூடாறாத பெட்டியில் வைத்து எடுத்துப் பயன்படுத்துவதைக் காணலாம். ராடின் பூச்சில் சற்றே ஈரம் இருந்தாலும் அதிலுள்ள ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, வெல்டிங் முடிந்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, யாரும் தொடாதபோது விரிசலாக வெளிப்படும். இதைத் தெரியாதவருக்கு ராடை உலர்த்துவது வீண் வேலையாகத் தோன்றும். தெரிந்தவர் மழைக்காலத்தில் அந்தப் பெட்டியின் மின்விளக்கு எரிகிறதா என்று போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். கும்பகோணத்துக் கல்லூரியாக இருந்தால் பக்கத்தில் சுவாமிமலை இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு மெழுகை வடித்து, அச்சு சூடாக இருக்கும்போதே உலோகத்தை ஊற்றுகிறார்கள். விரல் நுனி வரை உலோகம் உறையாமல் ஓடிச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அச்சைச் சூடாக வைக்கிறார்கள். டர்பைன் இறகுகளைச் செய்யும் மெழுகு வார்ப்பு முறையை வெளிநாட்டுப் படத்தோடு பாடநூலில் படிக்கும் மாணவருக்கு, அதே முறை பேருந்தில் சிறிது நேரப் பயணத் தொலைவில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவதைப் பாடத்திட்டமே சுட்டிக்காட்ட வேண்டும்.

இந்த மண்ணில் இரும்பைப் பற்றிய அறிவு எப்போதும் கையோடு சேர்ந்தே இருந்திருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. சேலம் வட்டாரத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830களில் இரும்பு ஆலை நடத்திய ஜோசையா ஹீத், பின்னர் இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். இரும்பிலுள்ள கந்தகம் இரும்போடு சேர்ந்தால் சூட்டில் எஃகு நொறுங்கும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தைத் தன்னோடு பிடித்துக்கொள்வதால் எஃகு அடிக்கும் இழுப்புக்கும் இசையும். இன்றும் எங்கள் உலையில் கந்தகத்தின் அளவைப் பார்த்துத்தான் மாங்கனீசின் அளவை வைக்கிறோம். கந்தகத்தைப் போல 1.7 மடங்கும், அதற்கு மேல் 0.3 சதவீதமும் என்பது நாங்கள் கைக்கொள்ளும் கணக்கு. சேலத்தையும் பரங்கிப்பேட்டையையும் தொட்டு வரும் இந்தச் செய்தியை, எங்களிடம் வந்த மாணவர்களில் ஒருவர்கூட எந்த வகுப்பிலும் கேட்டதாகச் சொன்னதில்லை. எனக்கு அது உண்மையில் வலிக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரவியலையும் கட்டடவியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். தமிழில் பாடம் எழுதுவோர் புதிய கலைச்சொற்களை ஆக்குவதோடு, பட்டறையில் ஏற்கெனவே வழங்கும் சொற்களையும் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும். கசடு, பதம், தோய்த்தல், பிசிறு, துருத்தி போன்றவை எங்கள் அன்றாடப் பேச்சு. ரைசர் (வார்ப்பு சுருங்கும்போது உலோகம் ஊட்டும் சேமிப்பு), கோர் (வார்ப்பின் உள்ளே வெற்றிடம் உண்டாக்கும் அச்சு), ரன்னர் (உலோகம் ஓடும் கால்வாய்), லேடில் ஆகியவையும் இன்று தமிழ்ச் சொற்களாகவே புழங்குகின்றன. அவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதலாம். ‘பச்சை மணல்’ எனப்படும் ஈர அச்சு மணலில் 3 அல்லது 4 சதவீத ஈரம் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. எங்கள் மோல்டர் ஒரு பிடி மணலை எடுத்து உள்ளங்கையில் இறுக்கி, இரண்டாக ஒடித்து, ஒடிந்த விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, உதிர்கிறதா, கையில் ஈரம் ஒட்டுகிறதா என்று பார்த்து, “பதமா இருக்குது” என்கிறார். புத்தகத்தின் சதவீதமும் அவருடைய பதமும் ஒன்றுதான் என்று மாணவருக்குப் புரிய வைத்துவிட்டால் அந்த வகுப்பு வென்றுவிட்டது.

உங்களில் சிலருக்கு வரக்கூடிய தயக்கத்தில் முதன்மையானது பாதுகாப்பு. அதை நானும் முதன்மையாகவே கருதுகிறேன். உருகிய உலோகம் விளையாட்டுப் பொருள் இல்லை. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. ஈரமான ஒரு துண்டு பழைய இரும்பு உலைக்குள் விழுந்தாலே உலோகம் கூரை வரை எகிறும். அதனால்தான் லேடிலையும் கரண்டியையும் சுட்டு உலர்த்தாமல் நாங்கள் தொடுவதில்லை. ஆனால் ஆபத்து என்று சொல்லி மாணவரை உலையிலிருந்து விலக்கி வைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டால், 21 வயதில் முதன்முறையாக உலையடியில் நிற்கும்போது அவர் மட்டுமன்றி அவரை நம்பி அங்கே வேலை செய்யும் பத்துப் பேரும் ஆபத்தில் இருக்கிறார்கள். எங்கள் பட்டறைகளில் இன்று உலோகம் ஊற்றுவோரில் பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, குடும்பத்தைப் பிரிந்து உழைக்கும் தொழிலாளர்கள். அவர்களை மேற்பார்வையிட வரும் நம் பிள்ளைகளுக்கு, ஈர லேடிலைப் பார்த்ததும் “நிறுத்துங்கள்” என்று சொல்லும் அறிவாவது நாம் கொடுத்து அனுப்ப வேண்டாமா?

கல்லூரியில் அலுமினியத்திலிருந்து தொடங்கலாம். 660 டிகிரியில் உருகும். ஒரு சிறிய குழி உலை, ஒரு கிராஃபைட் மூசை, நல்ல மணல், தோல் கையுறை, முகக்கவசம், பருத்தி உடை, பயிற்சி பெற்ற பயிற்றுநர் ஒருவர் இருந்தால் போதும். ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது தாமே அச்செடுத்து ஊற்றி, வந்ததை ரம்பத்தால் அறுத்து உள்ளே பார்க்க வேண்டும். குழி விழுந்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அந்தக் குழி ஏன் விழுந்தது, ரைசரை எங்கே வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று அவர் சொல்லும் விளக்கத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். வார்ப்பிரும்பையும் எஃகையும் பார்ப்பதற்குப் பக்கத்துப் பட்டறைகளுக்கு அனுப்பலாம். அரை நாள் சுற்றிக்காட்டித் தேநீர் கொடுத்து அனுப்பும் தொழிற்சாலைப் பார்வையாக இல்லாமல், ஒரு உருக்கின் தொடக்கத்திலிருந்து கடைசி வார்ப்பு உடைபடும் வரை ஒரே இடத்தில் நின்று கவனிக்கும் நாளாக அது இருக்கட்டும். ஒவ்வொரு துறையிலும் உடைந்த பாகங்களுக்கென்று ஓர் அலமாரி வையுங்கள். முறிந்த ஷாஃப்ட், வெடித்த கூடு, பல் உதிர்ந்த கியர் ஆகியவற்றை எங்களைப் போன்றவர்கள் எடைக்குப் போடுவதற்குப் பதிலாக உங்களுக்கு அனுப்பிவைப்போம். வாய்மொழித் தேர்வில் அந்த அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து, இது எப்படிச் செய்யப்பட்டது, ஏன் உடைந்தது என்று கேட்டால், பதிவேட்டைப் பார்த்து எழுதியவரும் உண்மையில் கற்றவரும் ஐந்து நிமிடத்தில் பிரிந்து தெரிவார்கள். தேர்வாளர் இருவரில் ஒருவர் பட்டறையிலிருந்து வரட்டும். மணலின் பதத்தைக் கையால் சொல்லும் மோல்டரையும் கௌரவ விரிவுரையாளராக அழைக்க விதிகளில் இடம் கொடுங்கள். அவரிடம் பட்டம் இல்லை என்பது தடையாக இருக்கக் கூடாது.

இதற்காகக் கழிக்க வேண்டியது எது என்றும் கேட்பீர்கள். இன்று எந்தப் பட்டறையிலும் காணக் கிடைக்காத சில உலை வகைகளின் குறுக்குவெட்டுப் படங்களை வரைய வைப்பதைக் குறைக்கலாம். உலோகக் கலவைகளின் நீண்ட பட்டியலில் பாதியை எடுத்துவிடலாம். ஆறு உலோகங்களை ஆழமாக அறிந்தவர் மற்ற அறுபதைத் தரவுப் புத்தகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

எங்கள் பங்குக்கு நான் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிற்பகல் எஸ்.ஜி. இரும்பு உருக்குகிறோம். ஒரு முறைக்கு 15 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் ஏற்றுக்கொள்ள முடியும். முகக்கவசமும் கையுறையும் நாங்கள் தருகிறோம். முழுக்கைப் பருத்திச் சட்டையும், கயிறு இல்லாத தோல் காலணியும் அணிந்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் ஆப்பு அச்சில் தம் கையால் ஒரு கரண்டி ஊற்றி, உடைத்து, அராவிப் பார்க்கலாம். அந்தத் துண்டை வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். மெக்னீசியம் சேர்த்ததும் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தைச் சொல்லும் வேலை வந்தவர்களில் ஒருவருக்கு. முன்பு நான் சொன்ன அந்தத் தம்பி இப்போது எங்கள் உருக்குப் பிரிவின் பொறுப்பாளர்; மாணவர்களை லேடிலுக்கு அருகே அழைத்துச் செல்லும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எந்தக் கல்லூரியிலிருந்து முதலில் அனுப்புகிறீர்கள் என்று தெரிவித்தால், அந்த வாரத்துக்கான மணலையும் அச்சுகளையும் தயார் செய்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோயம்புத்தூர் வார்ப்பட்டறைப் பொறுப்பாளர் ஒருவர்